வெயிலில் நிறுத்தப்பட்டவர்கள்: வெப்ப ஆய்வுகள் காட்டும் சாதிக் கணக்கு

வெயிலுக்கும் மழைக்கும் சாதி தெரியாது என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். இயற்கையைப் பற்றிய கூற்றாக அது சரிதான். ஆனால், உச்சிப்பொழுதில் வயலில் குனிந்து நிற்பவர் யார், அதே வேளையில் திண்ணை நிழலில் இருப்பவர் யார் என்பதை வெயில் தீர்மானிப்பதில்லை. நிலம் யாரிடம் இருக்கிறது, கூலியை யார் நிர்ணயிக்கிறார், ஊரின் எந்தத் திசையில் யார் குடியமர்த்தப்பட்டிருக்கிறார் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. அண்மை ஆண்டுகளில் வெளிவந்த வெப்ப ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது, ஒடுக்கப்பட்ட மக்கள் தம் உடம்பால் அறிந்திருந்த இவ்வுண்மை எண்களாக நம் முன் நிற்கிறது. அரசுகளோ வெப்ப அலையை இன்னும் வானிலை அறிவிப்பாகவும் மோர்ப்பந்தலாகவுமே கையாள்கின்றன. இந்த இடைவெளியைப் பற்றியே இங்கு நாம் பேச வேண்டியிருக்கிறது.

வருமானத்தால் மட்டும் விளங்காத வேறுபாடு

2025ஆம் ஆண்டு ‘டெமோகிராஃபி’ என்னும் ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று நம் கவனத்துக்குரியது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் அர்பித் ஷா, தீபக் மல்கன், காந்திநகர் ஐ.ஐ.டி.யின் விமல் மிஸ்ரா உள்ளிட்டோர் இணைந்து எழுதியது அது. மணிக்கு மணி பதிவான வெப்ப அழுத்தத் தரவுகளை, நாடு முழுவதும் எடுக்கப்படும் தொழிலாளர் கணக்கெடுப்புத் தரவுகளோடு அவர்கள் பொருத்திப் பார்த்தனர். 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் வெப்ப அலைக் காலங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. கடும் வெப்பம் நிலவும் மணி நேரங்களில் திறந்தவெளியில் உழைப்பது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிறரைக் காட்டிலும் கூடுதலாக வாய்த்திருப்பதை அவ்வாய்வு நிறுவுகிறது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. வயது, பாலினம், கல்வி, பொருளாதார நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்பும் இந்த வேறுபாடு மறையவில்லை. ‘ஏழைகள் எல்லோரும் வெயிலில்தானே உழைக்கிறார்கள், இதில் சாதி எங்கே வந்தது?’ என்று கேட்பவர்களுக்கு இது தரவு வழியான பதில். ஒரே வருமானம், ஒரே படிப்பு கொண்ட இருவரில் ஒருவர் கூடுதலாக வெயிலில் நிற்கிறார் என்றால், அவரை அங்கே நிறுத்தி வைத்திருப்பது வறுமை மட்டுமாக இருக்க முடியாது. சாதி உழைப்பாளிகளையே மேல்கீழாக அடுக்கி வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். அந்த அடுக்கின் வெப்பநிலையை இன்று அளந்து பார்க்கிறோம்.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பது நமக்குப் புதிதன்று. சிறிதளவேனும் சொந்த நிலம் உள்ளவர், விடியற்காலையில் இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறலாம். மிச்ச வேலையை மாலைக்கோ மறுநாளைக்கோ ஒத்திப் போடலாம். கூலிக்குச் செல்பவரின் பொழுது அவர் கையில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையைச் சார்ந்து வாழும் பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் கூலித் தொழிலாளர்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினரிடம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பதையும், அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்தே எண்ண வேண்டும். நிலம் பறிபோனவருக்கு நிழலும் பறிபோயிற்று. வேலையை எப்போது நிறுத்துவது என்னும் உரிமையும் பறிபோயிற்று.

உடல் கொடுக்கும் விலை

மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில் நிலைபெற வேண்டும். உழைக்கும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வியர்வை ஆவியாகும்போது அவ்வெப்பம் வெளியேறுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் குளிராது. நீரும் உப்பும் இழந்த உடலில் இதயம் விரைந்து துடிக்கிறது, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. இது நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் நிகழும்போது சிறுநீரகம் மெல்லச் சேதமடைகிறது. வெப்பத்தால் வரும் மரணம் எப்போதும் மயங்கி விழுந்து வருவதில்லை. அது பத்தாண்டுகளில் மெதுவாகவும் வரும்.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகள் இதையே காட்டுகின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரை ஆய்வு செய்தது. அவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைக் கடந்த வெப்பத்தில் உழைத்து வந்தனர். 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் உள்ளிட்டோர் 3,350 விவசாயத் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதும், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் இல்லை என்பதும் அதில் தெரியவந்தன.

பெண்கள் தரும் விலை இன்னும் கொடியது. கருவுற்ற பெண்கள் 800 பேரைத் தமிழ்நாட்டில் பின்தொடர்ந்து மேற்கொண்ட ஆய்வை ஸ்ரீ ராமச்சந்திரா குழு 2024இல் வெளியிட்டது. வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெப்பம் மிகுந்த இடங்களில் உழைத்தவர்களுக்கு, குளிர்ந்த சூழலில் பணிபுரிந்தவர்களைக் காட்டிலும் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் ஆபத்து இரு மடங்காக இருந்தது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கும் உண்மை. கடும் வெயிலில் உயிர் காக்கும் மிக எளிய மருந்தான தண்ணீரே இப்படி மறுக்கப்பட்டு விடுகிறது.

இந்த ஆய்வுகள் சாதியை அளக்கப் புறப்பட்டவை அல்ல. வயலிலும் சூளையிலும் உப்பளத்திலும் பல சமூகத்து ஏழைகளும், அண்மைக் காலமாக வட மாநிலத் தொழிலாளர்களும் உழைக்கிறார்கள். அவர்களின் துயரம் எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால், 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 34 விழுக்காடு பட்டியல் சாதியினரைக் கொண்டு மாநிலத்தில் முதலிடத்தில் இருக்கும் திருவாரூரில், நடவு வயலில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டால், சேரித் தெருக்களின் பெயர்களே பதிலாக வரும்.

சில வேலைகளில் இதற்கு ஊகமே தேவையில்லை. கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்களைப் பற்றி ஒன்றிய அரசு திரட்டி 2024இல் வெளிவந்த விவரத்தின்படி, கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். வெப்பம் கூடினால் சாக்கடையில் நுண்ணுயிர்கள் விரைந்து செயல்பட்டு, ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. கோடை நீளும்போது சாக்கடைக்குழியின் ஆபத்தும் நீளும். காலநிலை மாற்றம் சாதித் தொழிலின் கொடுமையோடு இப்படித்தான் கைகோக்கிறது.

‘இழந்த மணி நேரம்’ யாருடையது?

மருத்துவ ஆய்விதழான ‘லான்செட்’ சார்பில் ஆண்டுதோறும் வெளியாகும் காலநிலை அறிக்கை, 2024இல் வெப்பத்தால் இந்தியா இழந்திருக்கக்கூடிய உழைப்பு நேரத்தை 24,700 கோடி மணி என்று மதிப்பிடுகிறது. இதில் 66 விழுக்காடு வேளாண்மையிலும் 20 விழுக்காடு கட்டுமானத்திலும் நேர்ந்தது. நாளேடுகள் இதைப் பொருளாதார இழப்பாகவே எழுதின.

நாம் இதைக் கூலியாளின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். இக்கணக்கு, கடும் வெயிலில் உழைப்பு குறையும் என்னும் உடலியல் விதியிலிருந்து பெறப்படுவது. ஆனால் நாள்கூலி பெறுபவர் வேலையைக் குறைத்தால் கூலி குறையும். மறுநாள் அழைப்பும் வராது. செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் குடும்பம், முன்பணம் வாங்கிவிட்டு வந்திருக்கிறது. அது வெயிலைப் பார்த்து ஓய்ந்தால் கடன் ஏறும். எனவே அந்த மணி நேரங்கள் இரண்டு விதமாக முடிகின்றன. ஒன்று, தொழிலாளி ஓய்வெடுத்துக் கூலியை இழக்கிறார். அல்லது, ஓய்வெடுக்காமல் உடலை இழக்கிறார். இரண்டிலும் இழப்பு அவருடையதே. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காக 1968இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்ட மண் இது. ‘வெயில் தாங்கவில்லை, வேலையை நிறுத்துகிறேன், கூலியைக் குறைக்காதே’ என்று சொல்வது இன்றும் எளிய பேச்சன்று.

வெப்பத்தை உண்டாக்கியவர் யார் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. 1990க்குப் பிந்தைய புவி வெப்ப உயர்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு உலகின் செல்வ வளம் மிக்க 10 விழுக்காட்டினரே காரணம் என்று ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் 2025இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காரும் குளிர்சாதனமும் இல்லாத காலனி வீட்டில் வாழ்பவர், பிறர் மூட்டிய அடுப்பின் அனலைத் தாங்குகிறார்.

கணக்கில் வராத மரணங்கள்

சமவெளிகளில் 40 டிகிரியும், கடலோரத்தில் 37 டிகிரியும் எட்டி, வழக்கமான வெப்பநிலையை விட 4.5 டிகிரியாவது கூடினால் இந்திய வானிலை ஆய்வுத் துறை பொதுவாக வெப்ப அலை என்று அறிவிக்கும். அந்த அளவு, நிழலில் வைக்கப்பட்ட வெப்பமானியின் அளவு. ஈரப்பதம் மிகுந்த தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ 36 டிகிரியில், நேரடி வெயிலில் உப்பு வாருபவருக்கு, வெப்ப அலை ‘இல்லை’.

இதற்கு மாற்றான அளவு இருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், வெயிலின் கதிர்வீச்சு, காற்று ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ‘ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை’ அது. நடுத்தரமான உடலுழைப்புக்கு அவ்வளவையில் 28 டிகிரியும், கடும் உழைப்புக்கு 26 டிகிரியும் வரம்பு என்று பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்திருக்கிறது. அவ்வரம்பைக் கடந்தால் ஓய்வு நேரத்தைக் கூட்ட வேண்டும். கத்தார் நாடு 2021 முதல் இந்த அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் திறந்தவெளி வேலையை நிறுத்த வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறது. அந்நாட்டில் கட்டட வேலைக்குச் சென்ற நம் ஊர்த் தொழிலாளிக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு, தன் சொந்த ஊர் வயலில் இறங்கும்போது அவருக்கு இல்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்பதும் அதில் அடக்கம். இது வரவேற்கத்தக்க அடி. ஆயினும் நிவாரணம் பெற, மரணம் வெப்பத்தால் நேர்ந்தது என்று ஆவணம் வேண்டும். பகலெல்லாம் வயலில் நின்று, இரவு வீட்டில் நெஞ்சுவலியால் இறந்த கூலிக்காரருக்குப் பிரேதப் பரிசோதனை நடப்பதில்லை. அவர் மரணம் ‘மாரடைப்பு’ என்று எழுதப்படும், அல்லது எதுவும் எழுதப்படாது. 2024 கோடையில் ஜூன் நடுப்பகுதி வரை வெப்பத்தாக்கால் நேர்ந்த மரணங்கள் நூற்றுச் சொச்சம் என்றது ஒன்றிய அரசின் கணக்கு. அவ்வாண்டு மார்ச் முதல் ஜூன் வரையிலான செய்தி அறிக்கைகளை மட்டும் தொகுத்த ‘ஹீட்வாட்ச்’ அமைப்பு 733 மரணங்களைக் கண்டது. இறந்தோர் எண்ணிக்கையே இவ்வளவு மாறுபடும்போது, இறந்தவர் என்ன வேலை செய்தார், எந்தத் தெருவில் வாழ்ந்தார் என்று யார் பதிவு செய்யப் போகிறார்கள்?

திட்டங்களின் மௌனம்

2010இல் அகமதாபாத்தில் கடும் வெப்பத்துக்குப் பலர் பலியான பின், 2013இல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. அதன்பின் பல மாநிலங்களும் நகரங்களும் அதைப் பின்பற்றின. இத்தகைய 37 திட்டங்களை டெல்லியின் கொள்கை ஆராய்ச்சி மையம் 2023இல் ஆராய்ந்தது. யார் கூடுதலாகப் பாதிக்கப்படுவர் என்று முறையாக மதிப்பிட்டவை அவற்றில் 2 மட்டுமே. நிதி எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. எந்தச் சட்டத்தின் கீழ் இத்திட்டம் கட்டாயமாகிறது என்று சொன்னது எதுவும் இல்லை.

‘பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே செல்லாதீர்’ என்பது அவற்றின் பொதுவான அறிவுரை. தன் நேரம் தன் கையில் உள்ளவரை நோக்கிய அறிவுரை அது. வீட்டுக்குள் இருங்கள் என்பதும் அவ்வாறே. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்த கூரைக்குக் கீழ், மரம் வளர்க்க இடமில்லாத மூன்று சென்ட் காலனியில், உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் வெவ்வேறல்ல.

‘அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்’ என்பது மூன்றாவது அறிவுரை. பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாடு நகரில் நடத்திய போராட்டத்துக்கு நூறாண்டு நிறைகிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது. வெப்பம் கூடக்கூட, தண்ணீரில் தீண்டாமை பார்ப்பது வெறும் இழிவுபடுத்தலாக நில்லாமல் உயிர்ப் பறிப்பாகவும் மாறும். தனிக்குவளையும் தனிக்குழாயும் உள்ள ஊரில் மோர்ப்பந்தல் எந்தத் தெருவில் அமைகிறது என்பதும் அரசியல்தான்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இதற்கு விடை தரவில்லை. பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களை நோக்கியது. வரப்போரம் கூடி, அன்றைய வேலைக்கு அன்றே சேரும் நடவுப் பெண்கள் எந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறார்கள்?

கேட்க வேண்டியவை

உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் எம்.கே.ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை அரசியல் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளுக்குள் வைத்து ஏற்றது. உயிர்வாழும் உரிமையோடு சமத்துவ உரிமையையும் சேர்த்து அது பேசியிருப்பது நமக்கு முக்கியம். வெப்பம் சமத்துவத்தின் கேள்வி என்பதற்கு இனிச் சட்ட அடிப்படையும் உண்டு. அதன்மேல் நின்று நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் சில உள்ளன.

முதலாவது, கூலி குறையாமல் வேலையை நிறுத்தும் உரிமை. கேரளத்தில் கோடை மாதங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை திறந்தவெளித் தொழிலாளர்களுக்கு ஓய்வு அளிக்குமாறு தொழிலாளர் துறை ஆண்டுதோறும் வேலை நேரத்தை மாற்றியமைக்கிறது. தமிழ்நாட்டில் அது வேளாண் கூலிகள், தூய்மைப் பணியாளர்கள், சூளைத் தொழிலாளர்கள் ஆகியோரைப் பெயர் சுட்டி உள்ளடக்கிய சட்டமாக வேண்டும். துண்டுக்கூலி பெறுவோருக்கு ஓய்வு நேரத்துக்கும் ஊதியம் வேண்டும். அது இல்லாத ஓய்வு பட்டினியாகவே முடியும்.

இரண்டாவது, அளவீடு. வெப்ப அலை அறிவிப்பு ஈரப்பதத்தையும் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்ப மரணப் பதிவில் தொழிலும் சமூகமும் இடம்பெற வேண்டும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சாதிவாரிக் கணக்கும் எடுக்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அத்தரவு வெளிவரும்போது அதை வெப்ப வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கும் பொறுப்பை மாநிலத் திட்டக்குழு ஏற்க வேண்டும். சாதியைக் கணக்கெடுத்தால் தொழிலாளர் ஒற்றுமை குலையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒற்றுமையைக் குலைத்தது சாதி. அதை எண்ணிப் பார்ப்பது, யாரிடமிருந்து பாதுகாப்பைத் தொடங்குவது என்று அறிவதற்காக.

மூன்றாவது, நிதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு 2024இல் இயற்றியது. அந்நிதியிலிருந்து காலனி வீடுகளுக்கு வெப்பம் தாங்கும் கூரை, ஒவ்வொரு தெருவுக்கும் குடிநீர், வேலையிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை, சுடுகாட்டுப் பாதை வரை நிழல் மரங்கள் என்று திட்டமிட முடியும். பஞ்சமி நில மீட்பையும் காலநிலைக் கோரிக்கையாக நாம் எழுப்ப வேண்டும். தன் வேலை நேரத்தைத் தானே முடிவு செய்ய ஒரு குடும்பத்துக்கு உதவுவது சொந்த நிலம்தான்.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் உடனடியாகச் செய்ய ஒரு பணி உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு, வரும் சித்திரையில் ஒரு வாரம், ஊர்த்தெரு வீட்டுக்குள்ளும் காலனி வீட்டுக்குள்ளும் பிற்பகல் இரண்டு மணிக்கு என்ன அளவு என்று குறியுங்கள். இரு பக்கமும் குடிநீர்க் குழாய்கள் எத்தனை, மரங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். வயலில் இறங்கியவர்கள் எத்தனை மணிக்குக் கரையேறினார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளைக் கிராம சபையிலும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளிலும் வையுங்கள். ஆய்விதழ்கள் நாடு முழுமைக்கும் சொன்னதை நம் ஊருக்குச் சொல்லும் தாள் அது. அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த கோடையில் மோர்ப்பந்தல் திறக்க வருபவர்களிடம், அந்தத் தாளைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.